வாசலில் இருக்கும் குச்சியை முதலில் அறுத்துவிடுங்கள்

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் சிட்டுக்குருவிகளுக்காக மாடிச் சுவரில் இரண்டு கூடுப்பெட்டிகள் மாட்டினேன். உட்காரக் குச்சி இருக்கிறது, உள்ளே தானியமும் பஞ்சும் வைத்திருக்கிறேன். ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. விற்றவர் ‘பெரிய மாடல் வாங்குங்கள், வரும்’ என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இருக்கிற பெட்டியையே சரிசெய்யலாம்.

தானியத்தையும் பஞ்சையும் எடுத்துவிடுங்கள். குருவி கூடு கட்டும் இடத்தில் தீனி தேடாது. அந்தத் தானியத்துக்கு எறும்பும் எலியும்தான் வரும். புல்லும் இறகும் அது தானே கொண்டுவந்து அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது அந்தக் குச்சி. இதை எழுதி எழுதிக் கை வலிக்கிறது, ஆனாலும் கடைப் பெட்டிகளில் குச்சி இல்லாததைப் பார்ப்பதே அபூர்வம். பொந்தில் வாழும் பறவை வாசல் விளிம்பை நகத்தால் பற்றிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடும். எந்த மரங்கொத்தி தன் பொந்துக்கு முன்னால் குச்சி நட்டு வைத்தது? அந்தக் குச்சியால் பயன் காகத்துக்குத்தான்: அதில் உட்கார்ந்து குஞ்சை இழுக்கும். பார்க்க அழகாக இருக்கிறது என்று மனிதர்கள் வாங்குகிறார்கள், அதனால் விற்கிறார்கள். சிவப்புக் கூரை, குட்டி ஜன்னல் எல்லாமே அந்தக் கதைதான்.

பெரிய மாடல் என்பது அதைவிட மோசம். யார் குடிவருவார்கள் என்பதை முடிவு செய்வது வாசல் துளை. சிட்டுக்குருவிக்கு 32 மி.மீ. விட்டம் போதும். 50 மி.மீ. வைத்தால் மைனா நுழைந்து குருவியை வெளியே தள்ளிவிடும். பெட்டியின் தளத்திலிருந்து துளை 12 முதல் 15 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். அதற்குக் கீழே இருந்தால் பூனையின் கை குஞ்சுகளை எட்டிவிடும்.

பொருள் மரம்தான். குறைந்தது 15 மி.மீ. கனமுள்ள பலகை, உள்ளே பெயின்டும் வார்னிஷும் கூடாது. ஒருவர் ஆசையாக மாட்டிய தகரப் பெட்டிக்குள் மதியம் இரண்டு மணிக்குக் கையை விட்டுப் பார்த்தேன், வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அதற்குள் முட்டை என்ன ஆகும்? தளத்தில் நீர் வடிய நான்கு சிறு ஓட்டைகள், கூரைக்குக் கீழே காற்றுக்கு இரண்டு. தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரம், மதிய வெயிலும் சாரலும் படாத சுவர். அவ்வளவுதான் இடவிஷயம்.

இரண்டு பெட்டியும் அருகருகே இருக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். பொந்துப் பறவைகளில் பல, தன் இனத்தானைப் பக்கத்தில் விடாது. பட்டாணிக்குருவி, குண்டுகரிச்சான் எல்லாம் அப்படித்தான். சிட்டுக்குருவி விதிவிலக்கு. கூட்டமாக வாழ்வது, பக்கத்தில் நாலு பேர் இருந்தால்தான் அதற்குத் தெம்பு. ஆகவே ஒன்றிரண்டு மீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று பெட்டிகள் மாட்டலாம். ஆனால் ‘அடுக்குமாடி’ என்று ஒரே பெட்டியில் மூன்று அறை வைத்து விற்கிறார்களே, அதை நம்பவேண்டாம். ஒரே ஜோடி மூன்றையும் பிடித்துக்கொள்வது உண்டு. தனித்தனிப் பெட்டிதான் நல்லது. இன்னொன்று: குருவிக் கூட்டம் குடியேறிய சுவரில் வேறு சிறு பறவைக்குப் பெட்டி வைத்தால் அதையும் குருவியே எடுத்துக்கொள்ளும்.

சிலர் இன்னொரு வலை விரிப்பார்கள்: ‘ஒரு ஜோடி பிடித்துத் தருகிறேன், இரண்டு நாள் உள்ளே அடைத்து வையுங்கள், பழகிவிடும்.’ பழகாது, செத்துப்போகும். காட்டுப் பறவையைப் பிடிப்பது பல நாடுகளில் குற்றமும்கூட. அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மார்ச் 20, உலக சிட்டுக்குருவி தினம். அன்றைக்கு மேடை போட்டு நூற்றுக்கணக்கில் பெட்டி கொடுப்பார்கள், புகைப்படம் எடுப்பார்கள். அடுத்த மார்ச் வரை அந்தப் பெட்டிகளை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பட்டுப்போன மரத்தை ‘ஆபத்து’ என்று வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போடுவதும் பல நேரம் அதே ஆட்கள்தான். மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைவது அந்த மரத்தைத்தான், அவை விட்டுப்போன பொந்தில்தான் மற்றப் பொந்துப் பறவைகள் பல வாழ்கின்றன. ஒரு மரத்தை வெட்டிவிட்டுப் பத்துப் பெட்டி கொடுப்பது என்ன கணக்கோ.

ஆறு மாதம் என்பது ஒன்றுமில்லை. ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். குருவி வந்தபிறகு திறந்து பார்க்காதீர்கள். அடைகாக்க 11 முதல் 14 நாள், குஞ்சு பறக்க மேலும் இரண்டு வாரம். ஒரே பருவத்தில் இரண்டு மூன்று முறை குஞ்சு பொரிக்கும் என்பதால், பருவம் முடிந்த பிறகே பழைய கூட்டை எடுத்துவிட்டுக் கொதிநீர் ஊற்றிக் காயவையுங்கள். பூச்சிமருந்து பெட்டியிலும் வேண்டாம், தொட்டிச் செடியிலும் வேண்டாம். குஞ்சுக்குத் தாய் ஊட்டுவது புழுபூச்சிதான்.

உங்கள் பெட்டியின் துளையை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பெரிதாக இருந்தால், 32 மி.மீ. துளை போட்ட ஒரு பலகைத் துண்டை அதன்மேல் ஆணியடித்தால் போதும்.