பாத மருத்துவர் அக்குபங்சர் கற்கலாமா? எந்தப் பயிற்சி போதும்?

கேள்வி: எட்டு ஆண்டுகளாகப் பாத மருத்துவராக (பொடியாட்ரிஸ்ட்) பணிபுரிகிறேன். குதிகால் வலி, அக்கிலீஸ் தசைநாண் (குதிகாலின் பின்பக்க நாண்) வலி, கெண்டைக்கால் பிடிப்பு என்று வருபவர்களில் சிலருக்கு இன்சோல், பயிற்சி, டேப்பிங் எல்லாம் கொடுத்தும் வலி இறங்குவதே இல்லை. உடன் பணிபுரியும் பிசியோதெரபிஸ்ட் ஊசி குத்துவதில் நல்ல பலன் கிடைப்பதாகச் சொல்கிறார். நானும் கற்கலாம் என்று தேடினால் இரண்டு நாள் வகுப்பும் இருக்கிறது, பல ஆண்டுப் படிப்பும் இருக்கிறது. எனக்கு எது போதும்? நகம் அகற்ற மரப்பு ஊசி போட்டுப் பழக்கம் உண்டு. அது உதவுமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் துறையிலிருந்து வருபவர்கள் முதலில் தடுக்கி விழுவது அங்கேதான்.

மரப்பு ஊசிப் பழக்கம் பாதி தூரம்தான் கூட வரும். கை சுத்தம், பயன்படுத்திய ஊசியை உடனே அதற்கான பெட்டியில் போடுவது, ஊசியைக் கண்டதும் வெளிறிப்போகும் நோயாளியைச் சமாளிப்பது, ஒப்புதல் வாங்குவது, இவற்றையெல்லாம் உங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கருவியே வேறு. மருந்து செலுத்தும் ஊசிக்கு உள்ளே துளை உண்டு, நுனி சரிவாக வெட்டப்பட்டிருக்கும், திசுவை அறுத்துக்கொண்டு போகும். அக்குபங்சர் ஊசி துளையில்லாத மெல்லிய கம்பி. கால்களுக்குப் பெரும்பாலும் 0.25 மில்லிமீட்டர் தடிமன் போதும். அது திசுவை விலக்கிக்கொண்டு போகும், வளையும், தசையின் இறுக்கத்தை விரல் நுனிக்குத் தெரியப்படுத்தும். அந்த உணர்வு கைக்கு வர நாளாகும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கால்விரலை மரக்கச் செய்யும்போது நீங்கள் நரம்பைத் தேடிப் போகிறீர்கள். கெண்டைக்காலில் ஊசி குத்தும்போது நரம்பை விட்டு விலகிப் போக வேண்டும். அதே உடற்கூறியல்தான், ஆனால் அதைத் தலைகீழாகப் பிடிக்கப் பழக வேண்டும்.

சரி, எத்தனை நாள் பயிற்சி?

உலக சுகாதார நிறுவனம் 1999-ல் அக்குபங்சர் பயிற்சிக்கென ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. முழுநேர அக்குபங்சர் நிபுணராக விரும்புபவருக்கு 2,500 மணி நேரம் என்றது. ஏற்கெனவே மருத்துவம் படித்து, தன் சிகிச்சையில் ஒரு பகுதியாக மட்டும் ஊசியைச் சேர்த்துக்கொள்ள விரும்பும் மருத்துவருக்குக் குறைந்தது 200 மணி நேரம் என்றது. நீங்கள் இந்த இரண்டாவது ஆளுக்கு நெருக்கமானவர், அதுவும் முழங்காலுக்குக் கீழே மட்டும் வேலை செய்யப்போகிறவர். அதனால் பல ஆண்டுப் படிப்பு உங்களுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. இரண்டு நாள் வகுப்பும் போதாது. சனி, ஞாயிறு இரண்டு நாளில் உடல் முழுவதற்கும் ஊசி சொல்லித்தரும் வகுப்பில் காலுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று மணி நேரம்தான். இடுப்புக்கும் கழுத்துக்கும் செலவிடும் நேரத்துக்கும் சேர்த்து நீங்கள் கட்டணம் கட்டுவீர்கள்.

மொத்த மணி நேரத்தை விட அதன் அமைப்பு முக்கியம். முதலில் சில நாள் நேரடி வகுப்பு. பிறகு சில வாரம் இடைவெளி, அந்த இடைவெளியில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் நோயாளிகளுக்குச் சிகிச்சை தந்து குறிப்பெழுதிக்கொண்டு வர வேண்டும். பிறகு மறுபடி வகுப்பு, அந்தக் குறிப்புகளை ஆசிரியர் கிளறிக் கேள்வி கேட்க வேண்டும், கடைசியில் கையில் ஊசியோடு ஒரு தேர்வு. இப்படி இரண்டு கட்டமாக நடக்கும் பயிற்சியைத் தேடுங்கள். ஆசிரியர் எத்தனை பேருக்கு ஒருவர் என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் எட்டுப் பேருக்கு மேல் போனால் அது வேடிக்கை பார்க்கும் வகுப்பு. நீங்களும் சக மாணவர்களிடம் ஊசி வாங்கிக்கொள்ள வேண்டும். கெண்டைக்காலின் ஆழத்தில் இருக்கும் சோலியஸ் தசையில் ஊசி பட்டு அந்தக் கனமான, பரவுகிற குடைச்சலை ஒருமுறை அனுபவித்தவர், நோயாளியிடம் ‘எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும்’ என்று சொல்லமாட்டார்.

அடுத்து எந்த வழி என்ற குழப்பம் வரும். மெரிடியன் (உடலில் ஆற்றல் ஓடும் பாதைகள்), ‘சி’ (அந்த ஆற்றல்) என்று சீன மரபில் சொல்லித்தருவது ஒன்று. நரம்பியல், தசை அடிப்படையில் சொல்லித்தரும் ‘மேற்கத்திய மருத்துவ அக்குபங்சர்’ இன்னொன்று. தசை முடிச்சுகளை மட்டும் குறிவைக்கும் ட்ரை நீட்லிங் மூன்றாவது. ட்ரை நீட்லிங்கின் வேர் அமெரிக்க மருத்துவர்கள் ஜேனட் டிராவெல், டேவிட் சைமன்ஸ் இருவரும் தொகுத்த ட்ரிகர் பாயின்ட் (வலி தரும் தசை முடிச்சு) வரைபடங்களிலும், செக் மருத்துவர் கரெல் லெவிட் 1979-ல் எழுதிய கட்டுரையிலும் இருக்கிறது. மருந்தைச் செலுத்துவதால்தான் வலி குறைகிறது என்று நினைத்த இடத்தில், வெறும் ஊசியே அந்த வேலையைச் செய்கிறது என்று காட்டியவர் லெவிட்.

ஊசி குத்துவது எந்தப் புள்ளியில் என்பது எவ்வளவு முக்கியம்? ஜெர்மனியில் முழங்கால் தேய்மானம் உள்ள சுமார் ஆயிரம் பேரிடம் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், 26 வாரம் கழித்துப் பார்த்தபோது முறையான புள்ளிகளில் ஊசி போட்டவர்களில் 53 சதவீதம் பேருக்குப் பலன். வேறு இடங்களில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 51 சதவீதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 29. ஊசி போடுவதால் ஏதோ நடக்கிறது, ஆனால் புள்ளி ஒரு நூல் தள்ளிப்போனால் எல்லாம் வீண் என்பதற்கு இதில் ஆதாரம் இல்லை. ஆகவே புள்ளிகளின் சீனப் பெயர்களை மனப்பாடம் செய்யவைத்தே முதல் நாளைக் கழிக்கும் வகுப்பை நான் தவிர்ப்பேன். பெயர்கள் தெரிந்திருந்தால் சக நிபுணர்களோடு பேச வசதி, அவ்வளவுதான்.

காலில் ஆதாரம் எங்கே பலமாக இருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். உங்கள் துறைக்கு மிகவும் பொருந்துவது குதிகால் வலி. ஆஸ்திரேலியாவில் பாத மருத்துவ ஆய்வாளர்கள் 84 பேரிடம் நடத்தி 2014-ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறை ஆறு வாரம் ட்ரை நீட்லிங் பெற்றவர்களுக்குக் காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியின் வலி, தோலைத் துளைக்காத போலி ஊசி பெற்றவர்களை விட அதிகம் குறைந்தது. 100 மில்லிமீட்டர் அளவுகோலில் வித்தியாசம் 14 மில்லிமீட்டர்தான். ‘நோயாளி உணர்ந்து சொல்லும் அளவு’ என்று அவர்களே வைத்திருந்த எல்லையை அது தொடவில்லை. உண்மையான ஊசி போட்ட அமர்வுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் தற்காலிகமான சிறு தொந்தரவு, பெரும்பாலும் குத்திய இடத்து வலி. உதவும், ஆனால் மாயம் நிகழ்த்தாது. நோயாளியிடம் இதே தொனியில் பேசுங்கள். அமெரிக்க பிசியோதெரபி வழிகாட்டுதல் குதிகால் வலிக்கு 2014-ல் ட்ரை நீட்லிங்கைப் பரிந்துரைக்க முடியாது என்றது, 2023 திருத்தத்தில் கெண்டைக்கால், பாதத் தசைகளுக்கு அதைச் சேர்த்துக்கொண்டது. மறுபக்கம், பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்கள் வெளியிடும் நைஸ் அமைப்பு 2022-ல் மூட்டுத் தேய்மானத்துக்கு அக்குபங்சரோ ட்ரை நீட்லிங்கோ தர வேண்டாம் என்று சொன்னது. வரும் எல்லா முழங்காலிலும் ஊசி குத்தும் ஆசை வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி. பயிற்சியில் சேருமுன், அதன் பாடத்திட்டத்தில் காலின் ஆபத்தான இடங்களுக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். மார்பில் குத்தும் ஊசி நுரையீரலைத் துளைத்துவிடலாம் என்பதால், ‘காலில் ஊசி பாதுகாப்பானது, நுரையீரல் அங்கே இல்லையே’ என்று ஒரு பேச்சு உண்டு. நுரையீரல் இல்லைதான். ஆனால் ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைக் கண்காணித்து 2009-ல் வெளியிட்ட தொகுப்பில், மிக நீண்ட நாள் நீடித்த பக்கவிளைவு எது தெரியுமா? கால் நரம்பில் ஏற்பட்ட காயம், 180 நாள்.

முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் உள்ள ஃபிபுலா எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு பெரோனியல் நரம்பு தோலுக்குக் கீழேயே ஓடுகிறது. முழங்காலின் வெளிப்பக்கம் பிரபலமான ஒரு புள்ளி அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முழங்கால் மடிப்புக்குள் டிபியல் நரம்பு, சிரை, தமனி மூன்றும் அடுக்காக இருக்கின்றன. ஆரம்பத்தில் அங்கே போகவே வேண்டாம். முன்காலில் டிபியாலிஸ் ஆன்டீரியர் தசைக்கு அடியில் ஆழமான பெரோனியல் நரம்பும் முன் டிபியல் தமனியும் கிடக்கின்றன, அதனால் ஊசியை டிபியா எனும் முன்கால் எலும்பின் பக்கமாகச் சாய்த்துச் செலுத்தக் கற்றுத்தருவார்கள். தசைகளை உறை மூடியிருக்கும் அந்த முன்கால் அறை இறுக்கமானது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு அங்கே இரத்தம் கசிந்து அழுத்தம் ஏறிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. உள் கணுக்காலுக்கும் அக்கிலீஸுக்கும் நடுவில் தமனியின் துடிப்பை விரலால் உணர்ந்த பிறகே ஊசியை எடுங்கள், நரம்பும் அதை ஒட்டியே போகிறது. வெளிப்பக்கம் சூரல் நரம்பு. குதிகால் வலிக்காகப் பாதத் தசைகளுக்குள் போகும்போது, உள்ளங்காலின் தடித்த தோல் வழியாகக் குத்துவதை விட உள்பக்க ஓரத்திலிருந்து குறுக்கே போவது நோயாளிக்கு எவ்வளவோ மேல்.

ஊசி எங்கே என்பதை விட யாருக்கு என்பதில்தான் பாத மருத்துவருக்குச் சிக்கல் அதிகம். பிசியோதெரபிஸ்டிடம் வரும் கூட்டம் வேறு, உங்களிடம் வரும் கூட்டம் வேறு. உங்கள் காத்திருப்பு நாற்காலிகளில் சர்க்கரை நோயாளிகளும், கால் இரத்த ஓட்டம் குறைந்தவர்களும், உணர்ச்சி மரத்துப்போனவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். உணர்ச்சி இல்லாத பாதத்தில் ஊசி நரம்பைத் தொட்டால் ‘ஷாக் அடிக்குது’ என்று சொல்ல ஆளில்லை. இரத்த ஓட்டம் இல்லாத பாதத்தில் ஒரு சின்னத் துளைகூட புண்ணாகலாம். இவர்களுக்குப் பாதத்தில் ஊசி வேண்டாம் என்று நான் நேரடியாகவே சொல்வேன். நிணநீர் வீக்கமுள்ள கால், தோல் தொற்றுள்ள இடம், இரத்தம் உறைதல் கோளாறு, ஊசிக்குப் பயந்து நடுங்குபவர், எல்லாம் இதே வரிசை. கர்ப்பிணிகளுக்கு உள் கணுக்காலுக்கு மேலே உள்ள புள்ளியை மரபாகவே தவிர்ப்பார்கள். பேஸ்மேக்கர் இருந்தால் ஊசியில் மின்சாரம் இணைக்கக் கூடாது. கெண்டைக்கால் திடீரென்று வீங்கி, சூடாகி, வலியோடு வந்தால் அது தசைப்பிடிப்பாக இல்லாமல் ஆழ்சிரை இரத்தக்கட்டியாக இருக்கலாம். ஊசியைக் கீழே வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

சட்டமும் காப்பீடும் ஒவ்வொரு நாட்டிலும் வேறு. வகுப்பு நடத்துபவரின் வார்த்தையை நம்பாமல், உங்களைப் பதிவு செய்திருக்கும் அமைப்பிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேளுங்கள்: பாத மருத்துவர் ஊசி குத்த அனுமதி உண்டா, எந்தப் பயிற்சியை ஏற்கிறீர்கள், முழங்காலுக்கு மேலே போகலாமா? சில இடங்களில் சிகிச்சை அறைக்கே தனிப் பதிவு வேண்டும். பதில் வரும்வரை கட்டணம் கட்டாதீர்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முடித்துவிட்டீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பயிற்சி முடிந்து வந்த முதல் மாதங்கள். எல்லாரும் ஆசையோடு கடினமான நோயாளியிடம்தான் தொடங்குவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கெண்டைக்கால் தசையின் உள்தலை நல்ல இடம்: சதைப்பிடிப்பானது, விரலில் இறுக்கம் தெரியும், மேலாகவே இருக்கிறது. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துத்தான் குத்த வேண்டும், உட்காரவைத்தால் முதல் முறை மயங்குபவர்கள் உண்டு. முதல் அமர்வில் இரண்டு மூன்று ஊசி, ஐந்து பத்து நிமிடம், போதும். எத்தனை ஊசி உள்ளே போனது என்று எழுதிவைத்து, எடுக்கும்போதும் எண்ணுங்கள். கால்சட்டையை இறக்கிவிட்டு நோயாளி எழுந்து நடக்கும்போது ஒரு ஊசி மிச்சமிருப்பது கதையில் மட்டும் நடப்பதில்லை.

வலி தணிந்திருக்கும் அந்தச் சில நாள்தான் உங்கள் உண்மையான வாய்ப்பு. முன்பு வலியால் செய்ய முடியாத குதிகால் தூக்கும் பயிற்சியை அப்போது செய்யவையுங்கள். மூன்று நான்கு அமர்வில் எந்த மாற்றமும் இல்லையென்றால் ஐந்தாவது ஊசியைத் திறக்க வேண்டாம். நோயாளியை மறுபடி படுக்கவைத்து, எலும்பில் விரிசல் இருக்குமோ என்று குதிகால் எலும்பை இரண்டு பக்கமும் அழுத்திப் பாருங்கள், முதுகிலிருந்து வலி இறங்குகிறதா என்று கேளுங்கள். இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் இளைஞராக இருந்தால், வாத நோய் நிபுணருக்கு அன்றைக்கே கடிதம் எழுதுங்கள்.