சுயதொழில் வரி 3,900 பவுண்ட்ஸ்தானே, ஏன் 5,850 கேட்கிறார்கள்?

கேள்வி: 2024 மார்ச்சில் கம்பனி வேலையை விட்டுவிட்டு லண்டனில் சொந்தமாக எலக்ட்ரிக்கல் வேலை செய்கிறேன். 2024-25 வரி ஆண்டுக்கு (ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை) லாபம் 27,570 பவுண்ட்ஸ். நானே போட்ட கணக்கில் வரி 3,900 வருகிறது. வரித் திணைக்களத்துக்குக் கொடுக்கும் ரிட்டர்னை, அதாவது வருமான அறிக்கையை, நிரப்பி முடித்தால், 2026 ஜனவரி 31க்குள் 5,850 கட்டு என்கிறது. எங்கே பிழை?

பதில்:

எங்கேயும் பிழை இல்லை. உங்கள் 3,900உம் சரி, அவர்கள் கேட்கும் 5,850உம் சரி. நடுவில் நிற்கிற 1,950 2024-25 வரியே இல்லை. அது 2025-26 வரிக்கு முன்கூட்டியே வாங்கும் முதல் தவணை.

முதலில் உங்கள் கணக்கைப் பார்த்துவிடுவோம். 27,570இல் வரியில்லாத் தொகை 12,570 போனால் மிச்சம் 15,000. அதற்கு 20 வீத வருமான வரி 3,000. அதே 15,000க்கு, சுயதொழில் செய்கிறவர்கள் கட்டும் நாலாம் வகுப்பு நேஷனல் இன்சூரன்ஸ் (அரசின் சமூகக் காப்புறுதி) 6 வீதம், 900. மொத்தம் 3,900.

இனி அந்த 1,950. சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்கு மாதா மாதம் கையில் வருமுன்பே வரி பிடிபட்டுவிடுகிறது. நீங்கள் 2024 ஏப்ரலில் உழைத்த காசுக்கோ 2026 ஜனவரியில்தான் வரி கட்டுகிறீர்கள். இந்த இடைவெளியை அடைக்கத்தான் வரித் திணைக்களம் 'பேமன்ட்ஸ் ஆன் அக்கவுன்ட்' என்ற முறையை வைத்திருக்கிறது. போன வருடம் உங்களுக்கு வந்த வரி எவ்வளவோ, இந்த வருடமும் அவ்வளவு வரும் என்று எடுத்துக்கொண்டு, பாதியை ஜனவரி 31இலும் மறு பாதியை ஜூலை 31இலும் கேட்பார்கள். போன வருட பில் 1,000 பவுண்ட்ஸுக்குக் குறைவாக இருந்தாலோ, உங்கள் வரியில் 80 வீதத்துக்கு மேல் ஏற்கெனவே சம்பளத்தில் பிடிபட்டிருந்தாலோ இது வராது. பகுதிநேரமாகச் சின்னதாகச் செய்கிறவர்கள் பலர் இதைக் கேள்விப்படாமலே இருப்பது அதனால்தான்.

ஆகவே 2026 ஜூலை 31க்கு இன்னொரு 1,950 இருக்கிறது. இதை இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள். ஜனவரியில் பெருந்தொகை கட்டிய களைப்பில் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

அடுத்த ஜனவரி எப்படி இருக்கும்? 2025-26லும் வரி அதே 3,900 என்றால், இரண்டு தவணையிலும் அதைக் கட்டி முடித்திருப்பீர்கள். 2027 ஜனவரியில் அதற்கு அடுத்த வருடத்தின் முதல் தவணை 1,950 மட்டும்தான். லாபம் 32,570 ஆகக் கூடினால் வரி 5,200. மிச்சம் 1,300உம், புதுத் தவணை 2,600உம் சேர்ந்து 3,900 வரும். ஒன்றரை மடங்கு அடி முதல் முறைதான். அதற்குப் பிறகு லாபம் கூடுகிற வருடங்களில் மட்டும் கொஞ்சம் உறைக்கும்.

நான் வடமேற்கு லண்டனில் சின்ன வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஒவ்வொரு ஜனவரியும் யாராவது போனை நீட்டிக்கொண்டு வருவார்கள். போன முறை வந்தவர் டாக்சி ஓட்டும் ஒரு தம்பி. "அண்ணை, காசு இல்லை, அதால அந்தத் தவணையைப் பூச்சியமாக்கி விட்டிட்டன்" என்றார். ரிட்டர்னின் கடைசிப் பகுதியில் தவணையைக் குறைக்கக் கேட்கும் இடம் ஒன்று உண்டு. கட்டக் காசில்லை என்பதற்காக அதைத் தொடக்கூடாது. லாபம் உண்மையாகவே இறங்கப் போகிறது, ஒரு பெரிய காண்ட்ராக்ட் போய்விட்டது, திரும்பச் சம்பள வேலைக்குப் போகிறீர்கள் என்றால்தான் அது உங்களுக்கானது. அளவுக்கு மீறிக் குறைத்தால், குறைத்த தொகைக்கு முதல் நாளிலிருந்தே வட்டி ஏறும். 2025 ஏப்ரலிலிருந்து அந்த வட்டி இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வீதத்தோடு 4 வீதம் கூட. அந்தத் தம்பிக்கு வேலை குறையவே இல்லை. தவணையைப் பழையபடி மாற்றிவிட்டோம்.

காசு இல்லாதவருக்கு வழி வேறு. 'டைம் டு பே' என்று பாக்கியை மாதா மாதம் பிரித்துக் கட்டும் ஏற்பாடு இருக்கிறது. ரிட்டர்னைக் கொடுத்திருந்து, பாக்கி 30,000 பவுண்ட்ஸுக்கு மேற்படாமல், கடைசி நாளிலிருந்து 60 நாளுக்குள் என்றால் பெரும்பாலும் இணையத்திலேயே போட்டுவிடலாம். வட்டி ஓடும். ஆனால் 30 நாள் தாண்டினால் மீதி வரிக்கு விழும் 5 வீத அபராதம், அதற்குள் ஏற்பாட்டைச் செய்துவிட்டால் விழாது. காசு இல்லையென்று ரிட்டர்னைக் கொடுக்காமல் மட்டும் இருக்காதீர்கள். ஒரு நாள் பிந்தினாலே 100 பவுண்ட்ஸ்.

உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் இதே கேள்வியோடு வரும் மற்றவர்களுக்கு: தவணையைக் கழித்த பிறகும் தொகை இடித்தால், கணக்கு விவரப் பக்கத்தில் மாணவர் கடன், அரசு தரும் பிள்ளைப் பணத்தை (சைல்ட் பெனிஃபிட்) வருமானம் கூடியவரிடம் திருப்பிக் கேட்கும் வரி, சம்பள வேலையில் ஏற்கெனவே தீர்ந்துபோன 12,570 வரியில்லாத் தொகை ஆகிய மூன்றையும் பாருங்கள். மாணவர் கடன் தவணைக் கணக்கில் சேராது, ஜனவரியில் மொத்தமாக வரும்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறொன்றில். தொழில் தொடங்குகிறவரிடம் முதல் நாளே யாரும் இதைச் சொல்வதில்லை. ரிட்டர்னை முந்திக் கொடுத்தால் முந்திக் கட்டவேண்டும் என்று பயந்து பலர் ஜனவரி வரை இழுக்கிறார்கள். அப்படி இல்லை. ஏப்ரல் 6ஆம் தேதிக்குப் பிறகு எப்போது கொடுத்தாலும் கட்டவேண்டிய நாள் ஜனவரி 31தான். மே மாதம் கொடுத்தால் தொகை தெரிந்துவிடும், சேர்க்க எட்டு மாதம் கிடைக்கும். லாபம் குறைந்திருந்தால் அந்த ஜூலைத் தவணையையும் நியாயமாகவே குறைக்கலாம். 2025-26 ரிட்டர்னை 2026 மே மாதமே கொடுத்துவிடுங்கள். அதுவரை, 12,570ஐத் தாண்டும் லாபத்தில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 26 பென்ஸ் தனிக் கணக்கில் போடுங்கள். இப்போதைய 5,850 கைக்கு எட்டாவிட்டால், ரிட்டர்னை இன்றே அனுப்பிவிட்டு டைம் டு பே போடுங்கள்.