பிளஸ் 1-ல் வொகேஷனல் குரூப் எடுத்தால் இன்ஜினியரிங் போக முடியாதா?

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பில் 268 மதிப்பெண் எடுத்திருக்கிறான். வயரிங், மோட்டார் வேலையில் ஆசை. அரசுப் பள்ளியில் பிளஸ் 1-க்கு அடிப்படை மின்பொறியியல் வொகேஷனல் (தொழிற்கல்வி) குரூப்தான் தருகிறார்கள். “அதை எடுத்தால் இன்ஜினியரிங் போகவே முடியாது, நான் பாலிடெக்னிக்கில் சீட் வாங்கித் தருகிறேன்” என்று தெரிந்தவர் ஒருவர் 15,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

இன்ஜினியரிங் போக முடியாது என்பது பொய். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் வொகேஷனல் மாணவர்களுக்கென்றே தனி ஒதுக்கீடு இருக்கிறது. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றில் ஒன்றாவது அந்த குரூப்பில் இருக்க வேண்டும்; சேருமுன் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிளஸ் 2 முடித்து பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு, டிப்ளமோ முடித்து பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டு. இப்படிப் போனால் மொத்தம் ஏழு வருடம். பத்தாவதோடு நேராக டிப்ளமோ சேர்ந்தால் 3+3, ஆறு வருடம். வித்தியாசம் ஒரே ஒரு வருடம்தான். இதைச் சொல்லித்தான் உங்களைப் பயமுறுத்துகிறார்கள்.

அந்தத் “தெரிந்தவர்” யார் என்று யோசியுங்கள். அரசு பாலிடெக்னிக்கில் சேர தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்தால் போதும். மதிப்பெண், இடஒதுக்கீடு பார்த்து இடம் தருகிறார்கள். அங்கே யாரும் சீட் “வாங்கித் தர” முடியாது. வருடக் கட்டணமும் சில ஆயிரம்தான். இடைத்தரகர் கூட்டிக்கொண்டு போவது பெரும்பாலும் ஆள் சேராத தனியார் கல்லூரிக்கு. தலைக்கு இவ்வளவு என்று அங்கே கமிஷன். போனதும் முதல் வேலையாக மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தால் மூன்று வருடக் கட்டணத்தையும் கட்டு என்பார்கள். அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ பலமுறை சொல்லியாகிவிட்டது. சொல்வதோடு அவர்கள் வேலை முடிந்தது, அலைவது பெற்றோர்தான்.

உங்கள் மகனின் ஆசையைப் பார்த்தால் அரசு ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையம்) எலக்ட்ரீஷியன் டிரேடையும் (தொழிற்பிரிவு) யோசிக்கலாம். இரண்டு வருடம், பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. முடித்துவிட்டு டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரும் சலுகை இரண்டு வருட ஐடிஐக்குத்தான். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் இரண்டு வருட டிரேடுகள். வெல்டர், பிளம்பர், கோபா (கம்ப்யூட்டர் ஆபரேட்டர்) ஒரு வருடம். “சீக்கிரம் முடியும், சீக்கிரம் வேலை” என்று வெல்டரில் சேர்த்துவிட்டு, பிறகு பாலிடெக்னிக் வாசலில் போய் நின்றால், முதலாம் ஆண்டிலிருந்துதான் படிக்க வேண்டும். வெல்டர் மட்டமான டிரேடு இல்லை, நல்ல கைத்தொழில். மேலே படிக்க நினைப்பவர்கள் மட்டும் சேரும்போதே எத்தனை வருட டிரேடு என்று பார்த்துவிட வேண்டும். விண்ணப்பத்தில் டிரேடு பெயருக்குப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். அதைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

தனியார் ஐடிஐ என்றால் இன்னும் ஜாக்கிரதை. என்சிவிடி இணைப்பு, அதாவது ஐடிஐ படிப்புக்கான மத்திய அரசு அங்கீகாரம், நிறுவனத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. டிரேடு டிரேடாகத் தருகிறார்கள். ஃபிட்டருக்கு இணைப்பு வாங்கிவிட்டு எலக்ட்ரீஷியனுக்கும் ஆள் சேர்க்கும் இடங்கள் உண்டு. போர்டில் “ஐஎஸ்ஓ தரச்சான்று” என்று இருந்தால் மயங்காதீர்கள். படிப்புக்கான அங்கீகாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, பள்ளிக்கு வருவோம். தமிழ்நாட்டில் பிளஸ் 2 தொடங்கிய 1978 முதலே வொகேஷனல் பிரிவும் இருக்கிறது. ஆனால் அதைக் குறைந்த மதிப்பெண் பிள்ளைகளைத் தள்ளும் மூலையாகவே நடத்துகிறோம். ஆசிரியர் ஓய்வுபெற்றால் அந்த இடத்தை நிரப்பாமல், குரூப்பையே மூடிவிடுகிறார்கள். அதனால் நேரில் போய் இரண்டே கேள்வி கேளுங்கள்: மின்பொறியியலுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? செய்முறை அறையில் மோட்டார், மீட்டர், வயரிங் பலகை வேலை செய்கின்றனவா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் தயங்காமல் சேருங்கள். மழுப்பினால் அரசு பாலிடெக்னிக்கில் மின் டிப்ளமோ, கிடைக்காவிட்டால் அரசு ஐடிஐ.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவன் என்றால், டிப்ளமோவிலோ ஐடிஐயிலோ சேர்ந்ததும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயைப் பற்றி அங்கேயே விசாரியுங்கள். அதை வாங்கித் தருகிறேன் என்றும் யாராவது வருவார்கள். அதற்கும் தரகர் தேவையில்லை.