இணையாசிரியர் கணக்கு: கேள்வி-பதில்

கட்டுரைகளில் கூட்டுழைப்பை அளக்கிறேன். என் தரவில் டி.சி. (கூட்டுழைப்பு விகிதம்) 0.8 வருகிறது, சி.சி. (கூட்டுழைப்புக் கெழு) 0.45தான் வருகிறது. எதில் பிழை?

இரண்டிலும் இல்லை. இரண்டும் ஒன்றையே அளக்கும் என்று நினைத்ததுதான் பிழை. 1983இல் சுப்ரமணியம் தந்த டி.சி., ஒருவர் எழுதியதா பலர் எழுதியதா என்று மட்டும் பார்க்கும்; எத்தனை பேர் என்று கேட்காது. சி.சி. அதையும் கேட்கும். 100 கட்டுரைகளில் 20 தனியாசிரியர், 50 இருவர், 30 மூவர் என்று வையுங்கள். உங்கள் விடைகளே வரும். இருவர் எழுதிய 50இலும் பத்துப் பத்துப் பேரைப் போட்டுப் பாருங்கள். டி.சி. அசையாது. சி.சி. 0.65க்கு ஏறும், சராசரி ஆசிரியர் எண்ணிக்கை 2.1இலிருந்து 6.1க்குத் தாவும். எதைப் போடுவது என்பதை ஆய்வுக் கேள்வி முடிவு செய்யட்டும். எல்லாவற்றையும் அட்டவணையாக்கினால் பக்கம்தான் கூடும்.

வி.ஓ.எஸ்.வியூவர் (ஆசிரியர் தொடர்புகளை வட்டங்களாக வரையும் மென்பொருள்) படத்தில் ஒரே ஆசிரியர் மூன்று வட்டமாக வருகிறார்.

வருவார். ஒரு கட்டுரையில் முதலெழுத்து ஒன்று, இன்னொன்றில் இரண்டு, மற்றொன்றில் முழுப்பெயர். மென்பொருளுக்கு மூவரும் வேறு ஆட்கள். மூன்றையும் ஒன்றாக்கத் தெசாரஸ் கோப்பு என்ற மாற்றுப் பட்டியலைக் கொடுங்கள். அதில் இரண்டே நெடுவரிசை: இருக்கும் பெயர், மாற்ற வேண்டிய பெயர். ஒரே பெயர்கொண்ட இருவர் ஒரே வட்டத்தில் ஒளிந்திருந்தால் அது பிரிக்காது. ஆர்க்கிட் எண்ணை (ஆய்வாளர் ஒவ்வொருவருக்குமான தனி அடையாள எண்) பார்த்து மூலத் தரவிலேயே பிரியுங்கள். எப்போதும் சொல்வதுதான்: பெயரைச் சுத்தம் செய்யாமல் படம் வரையாதீர்கள்.

முழு எண்ணிக்கையா, பின்ன எண்ணிக்கையா?

முழு எண்ணிக்கையில் பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் கட்டுரை ஒன்று; பின்னத்தில் அந்த ஒன்றை எல்லாருக்கும் பங்கிடுவோம். நாடுகளையோ நிறுவனங்களையோ ஒப்பிட்டால் பின்னம். எதுவானாலும் வழிமுறைப் பகுதியில் ஒரு வரி எழுதுங்கள்.

துறைத்தலைவர் பெயரைச் சேர்க்கச் சொல்கிறார்கள். அவர் கட்டுரையைப் படிக்கக்கூட இல்லை.

சேர்க்கக் கூடாது. மருத்துவ இதழாசிரியர்களின் ஐ.சி.எம்.ஜே.இ. விதித்த நான்கு நிபந்தனைகள் நமக்கும் பொருந்தும்: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பு. நான்கும் சேர்ந்திருக்க வேண்டும். நிதி வாங்கித் தந்தவருக்கு நன்றியுரை இருக்கிறது. நாற்காலியில் இருப்பவருக்கு அதுவும் அவசியமில்லை.

என் எரிச்சல் இதோடு நிற்கவில்லை. மற்ற துறைக்காரர்கள் இப்படிப் பெயர் சேர்த்தால் தவறு அங்கேயே முடிந்துவிடும். கட்டுரைகளை எண்ணி ஆராயும் நாமோ தானம் கொடுத்த பெயர்களைப் பிறகு நாமே எண்ணி, "கூட்டுழைப்பு வளர்ந்திருக்கிறது" என்று முடிவுரையும் எழுதுகிறோம். இணையாசிரியம் கூட்டுழைப்பின் ஒரு பகுதியைத்தான் காட்டும் என்று ஆய்வாளர்கள் காட்ஸும் மார்ட்டினும் 1997இலேயே சொன்னார்கள். அவர்களை மேற்கோள் காட்டிவிட்டு, அடுத்த பத்தியிலேயே அதை மறப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

ஒரு வழி உண்டு. யார் என்ன செய்தார் என்று பிரித்துக் காட்டும் கிரெடிட் வகைப்பாட்டின் 14 பங்குகளையும் வேலை தொடங்கும்போதே எல்லாரும் உட்கார்ந்து நிரப்புங்கள். தலைவருக்கு எதிரே "மேற்பார்வை" என்று எழுதச் சொல்வார்கள், அதற்கும் கட்டம் இருக்கிறது. கட்டம் நிரம்பியதாலேயே ஒருவர் ஆசிரியர் ஆகிவிடமாட்டார்.

கூட்டாய்வில் ஒரு தலைப்பும் தரவும் அவசரமாக அனுப்பவும்.

எந்தத் துறை, எந்த ஆண்டுகள், எந்தத் தரவுத்தளம்? ஒன்றும் இல்லை. இரண்டையும் நான் தந்தால் உங்கள் வேலை என்ன?

சாட்ஜிபிடியை இணையாசிரியராகப் போடலாமா?

முடியாது. பொறுப்பேற்க முடியாத கருவி ஆசிரியராகாது என்று வெளியீட்டு நெறிமுறைக் குழுவான கோப் 2023இலேயே சொல்லிவிட்டது. பயன்படுத்தியதை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள்.

பெயர் வரிசையை வைத்து அதிகம் உழைத்தவரைக் கண்டுபிடிக்கலாமா?

கணிதத்திலும் பொருளியலிலும் அகரவரிசை வழக்கம். துறை தெரியாமல் முதலாசிரியரை எண்ணாதீர்கள். எண்ணுமுன் பெயரைச் சுத்தம் செய்யுங்கள்.