குருமனையில் ஞாயிறு மதியச் சமையல்

அன்புச் சகோதரி, ஆராதனை முடிந்ததும் சபையார் முன்னறிவிப்பின்றிப் போதகர் இல்லமான குருமனைக்குச் சாப்பிட வந்துவிடுவதால், சமையலுக்காக நற்கருணைக்கு முன்பே எழுந்து வர நேர்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேங்காய்ப்பால் குழம்பான சொதியை விட்டுவிடுங்கள். முதல் தேங்காய்ப்பால் ஊற்றியபின் கொதித்தால் திரிந்துவிடும் என்பதால், அது உங்களை அடுப்படியிலேயே நிறுத்திவிடும். அதற்கு மாறாக, ஒரு பங்கு அரிசிக்கு அரைப்பங்கு வறுத்த தொலி (தோல் நீக்காத) உளுந்து, உரித்த பூண்டு, சிறிது வெந்தயம், தேங்காய்த் துருவல் ஆகியவற்றை எடுத்து வைத்துவிட்டுக் கோயிலுக்குச் சென்றால், திரும்பியதும் உளுந்தஞ்சோற்றைக் குக்கரில் ஏற்றிவிட்டு, அது வேகும் நேரத்தில் வந்தவர்களோடு உட்கார்ந்து பேசலாம். கறிக்குழம்பு இல்லையே என்று முகம் சுளிப்பவர்கள் சபையின் பொது விருந்தான அசனம் வரை பொறுத்திருக்கட்டும். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையலைச் சனிக்கிழமை இரவே அரைத்து, ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.