இதய அறுவைக்குப் பின் சிறுநீரகம்: கிரியேட்டினின் ஏறும்வரை காத்திருக்க வேண்டுமா?

இதய அறுவை சிகிச்சைப் பிரிவின் தீவிர சிகிச்சை அறையில் சிறுநீரக மருத்துவராகப் பணிபுரிபவன் என்ற முறையில், வந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அப்பாவுக்குப் பைபாஸ் முடிந்த மறுநாள் கிரியேட்டினின் 1.0 இருந்தது, எல்லாம் சரி என்றார்கள். மூன்றாம் நாள் 2.1 ஆகிவிட்டது, சிறுநீரகம் பாதிக்கப்பட்டுள்ளது என்கிறார்கள். முதல் நாளே கவனிக்கத் தவறிவிட்டார்களா, டாக்டர்?

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த 1.0 என்ற எண்ணை வைத்து யாரையும் குறை சொல்ல இயலாது. கிரியேட்டினின் என்பது தசையில் உண்டாகிச் சிறுநீரகம் வழியே வெளியேறும் கழிவு. அது சிறுநீரகத்துக்கு ஏற்பட்ட காயத்தைக் காட்டுவதில்லை, வடிகட்டும் வேலை குறைந்ததன் விளைவை மட்டுமே காட்டுகிறது. தொட்டியின் வடிகால் அடைபட்ட நொடியிலேயே நீர்மட்டம் உயர்ந்துவிடுவதில்லை அல்லவா? அதுபோல இரத்தத்தில் கிரியேட்டினின் சேர்ந்து, ஏறியிருப்பது தெளிவாகத் தெரிவதற்கு ஒன்று முதல் மூன்று நாட்கள் வரை ஆகலாம். இதய–நுரையீரல் கருவியை நிரப்பப் பயன்படும் திரவமும், அறுவையின்போது ஏற்றப்படும் திரவங்களும் இரத்தத்தை நீர்க்கச் செய்வதால், முதல் நாள் எண் உண்மையைவிடக் குறைவாகவே தெரியும். வயதானவர்களுக்குத் தசை குறைவு என்பதால் அவர்களிடம் இந்த ஏமாற்றம் இன்னும் கூடுதல்.

இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் 2012ஆம் ஆண்டின் கேடிஐஜிஓ (சிறுநீரக நோய்களுக்கான பன்னாட்டு வழிகாட்டு அமைப்பு) வரையறைப்படி, 48 மணி நேரத்துக்குள் கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் உயர்ந்தாலோ, ஏழு நாட்களுக்குள் பழைய அளவைப்போல் ஒன்றரை மடங்கானாலோ, சிறுநீர் ஆறு மணி நேரம் தொடர்ந்து மணிக்கு ஒரு கிலோ எடைக்கு அரை மில்லிலிட்டருக்கும் கீழே போனாலோ அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு. இம்மூன்றில் மணிக்கு மணி பார்க்கக்கூடியது சிறுநீரின் அளவுதான்.

கேள்வி: ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். இதைவிட முன்னதாகக் காட்டிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனைகள் எவை?

அதிகம் ஆராயப்பட்டது என்ஜிஏஎல் என்ற புரதம். சிறுநீரக நுண்குழல்களின் செல்கள் காயப்பட்டவுடன் இதை மிகுதியாகச் சுரக்கின்றன. அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனைக் குழு, இதய அறுவைக்கு உள்ளான 71 குழந்தைகளை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட கட்டுரைதான் இத்துறைக்கு வாசலைத் திறந்தது. பாதிப்புக்கு உள்ளான 20 குழந்தைகளிடமும் கிரியேட்டினின் ஏற ஒன்று முதல் மூன்று நாட்கள் ஆயின. என்ஜிஏஎல் இரண்டு மணி நேரத்திலேயே சிறுநீரிலும் இரத்தத்திலும் ஏறியிருந்தது.

அந்தத் தெளிவு பெரியவர்களிடம் அப்படியே கிடைக்கவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அக்குழந்தைகளுக்கு வேறு நோய்கள் பெரும்பாலும் இல்லை. நம்மிடம் வரும் அறுபது வயதுக்காரருக்கோ சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகம் என எல்லாம் சேர்ந்திருக்கும். வெள்ளணுக்களும் இப்புரதத்தை வெளியிடுவதால், கிருமித்தொற்றும், இரத்தம் கருவிக்குள் ஓடுவதால் எழும் அழற்சியுமே இரத்த என்ஜிஏஎல் அளவை உயர்த்திவிடும். இந்த வகையில் சிறுநீர் மாதிரி சற்றே நம்பகமானது. 2023 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இசைவு அளித்ததும் சிறுநீர் என்ஜிஏஎல் பரிசோதனைக்கே, அதுவும் மூன்று மாதம் முதல் 21 வயது வரையுள்ளோருக்கு மட்டுமே.

இரத்தத்தில் அளக்கப்படும் மற்றொரு புரதமான சிஸ்டாட்டின் சி வேறு வகை. கிரியேட்டினினைப்போல அதுவும் வடிகட்டும் திறனையே காட்டுகிறது. ஆனால் தசையை அவ்வளவாகச் சார்ந்ததில்லை. ஸ்டீராய்டு மருந்தும் தைராய்டுக் கோளாறும் அதன் அளவை மாற்றும் என்பதால், அறிக்கையில் அவற்றைக் குறிப்பது நல்லது.

கேள்வி: அம்மாவுக்கு அடுத்த வாரம் வால்வு அறுவை. என்ஜிஏஎல் பார்க்கச் சொல்லி வற்புறுத்தலாமா?

வேண்டாம், அம்மா. அதைவிட, இப்போதைய கிரியேட்டினின் அளவு எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். மூட்டுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆஞ்சியோகிராம் அண்மையில்தான் எடுத்தார்கள் என்றால் அதையும் நினைவூட்டுங்கள்; இரண்டுமே சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை.

கேள்வி: நான் முதுநிலை மாணவி. என்ஜிஏஎல் போன்ற காயக் குறியீடு ஏறிய பின்னும் கிரியேட்டினின் ஏறாமலே போனால் அது பொய் எச்சரிக்கையா? ஏறியது தெரிந்தால் நாம் செய்யக்கூடியதுதான் என்ன?

எல்லாமே பொய் எச்சரிக்கை ஆகாது. செல்கள் காயப்பட்டும், எஞ்சிய திறனால் சிறுநீரகம் சமாளித்துவிடும் நிலை ஒன்று உண்டு. அந்நோயாளிகளுக்கும் பின்விளைவுகள் கூடுதலாகவே காணப்படுகின்றன.

இரண்டாம் கேள்விதான் முக்கியமானது. காயத்தை ஆற்றும் மருந்து எதுவும் இன்று நம் கையில் இல்லை. கிடைப்பது நேரம் மட்டுமே. ஜெர்மனியின் மியூன்ஸ்டரில் 276 நோயாளிகளிடம் நடந்து 2017இல் வெளியான சோதனையில், டிம்ப்-2, ஐஜிஎஃப்பிபி7 ஆகிய இரு சிறுநீர்க் குறியீடுகள் உயர்ந்திருந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பாதியினருக்கு இரத்த ஓட்டத்தையும் திரவ அளவையும் அளந்து சீராக்கி, சிறுநீரகத்துக்கு ஆகாத மருந்துகளை நிறுத்தி, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தார்கள். வழக்கமான கவனிப்பு பெற்ற மறுபாதியினரில் 71.7 விழுக்காட்டினருக்குப் பாதிப்பு வந்தது, இவர்களில் 55.1 விழுக்காட்டினருக்கு மட்டுமே. டயாலிசிஸ் தேவையிலும் இறப்பிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதையும் மறக்காதீர்கள். இருந்தும், இங்கே புதிய மருந்து ஒன்றுமில்லை, நல்ல கவனிப்பு மட்டுமே இருக்கிறது என்பது எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது.

கேள்வி: அறுவை முடிந்த அன்று கணவரின் சிறுநீர்ப் பையில் கட்டஞ்சாயா நிறத்தில் சிறுநீர் இருந்தது. அது ஆபத்தா?

கருவியின் குழாய்களிலும் உறிஞ்சியிலும் உராய்ந்து சிவப்பணுக்கள் உடைவதால் ஹீமோகுளோபின் வெளியேறி, சிறுநீருக்கு அந்த நிறம் வரலாம். பெரும்பாலும் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். ஆனால் அந்த ஹீமோகுளோபினே நுண்குழல்களுக்கு நஞ்சு. ஆகையால் நிறம் தெளியாவிட்டாலோ, அளவு குறைந்துகொண்டே வந்தாலோ செவிலியரிடம் உடனே சொல்ல வேண்டும். எங்கள் பிரிவில் அளவுக்குடுவையை விளக்கொளியில் பிடித்து, அளவோடு நிறத்தையும் ஒவ்வொரு மணியும் குறித்துவைக்கும் செவிலியர்கள் இருக்கிறார்கள். அந்தக் குறிப்பு எனக்குப் பலமுறை ஆய்வக அறிக்கைக்கு முன்பே விஷயத்தைச் சொல்லியிருக்கிறது.

கேள்வி: கிரியேட்டினின் பழைய நிலைக்கு வந்துவிட்டது. இனி மறந்துவிடலாமா?

கூடாது. மூன்று மாதம் கழித்துக் கிரியேட்டினினையும் சிறுநீரில் ஆல்புமின் அளவையும் ஒருமுறை பாருங்கள். மருத்துவமனையில் படுத்திருந்த நாட்களில் தசை கரைந்திருந்தால், எண் இயல்பாகத் தெரிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அந்த நிலையில் சிஸ்டாட்டின் சி கேட்டுப் பெறுவது பொருத்தம்.