ஏரி கொள்ளளவை வரவாக எழுதாதீர்கள்

ஒரு கோடிப் பேர், ஆளுக்கு தினம் 135 லிட்டர்; ஏரிகள் 11 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி), ஆந்திரா வழியாக வரும் கிருஷ்ணா நதி நீர் 12 டிஎம்சி; ஆகவே சென்னைக்குத் தண்ணீர் மிச்சம் என்று உங்கள் ப்ராஜெக்டில் வருகிறது, அப்படியானால் 2019-ல் ஏன் வறண்டது என்று கேட்டிருந்தீர்கள்.

பெருக்கல் சரிதான். தினம் 135 கோடி லிட்டர் தேவை, ஒரு டிஎம்சி சுமார் 21 நாளுக்கு வரும். தப்பு வரவுப் பக்கத்தில். 11 என்பது ஏரிகளின் கொள்ளளவு. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் அது வெறும் பாத்திரம். 12 என்பது ஆந்திராவுடன் செய்த 1983 ஒப்பந்தத்தில் உள்ள எண். அது முழுசாக வந்து சேர்வது அரிது. நல்ல ஆண்டு, மோசமான ஆண்டு என இரண்டு கணக்குப் போடுங்கள். மோசமான ஆண்டில் நம்பக்கூடியது நெம்மேலி போன்ற இடங்களில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளின் தண்ணீர்தான்.

அப்புறம், அந்த 135-ல் குழாய்க் கசிவு சேரவில்லை. 15 சதவீதம் கசிந்தாலே ஆளுக்கு 159 லிட்டர் அனுப்ப வேண்டும். மக்கள்தொகை வளர்ச்சியையும் நகரம் முழுவதற்கும் ஒரே விகிதமாகப் போடாதீர்கள். மயிலாப்பூரும் சோழிங்கநல்லூரும் ஒரே வேகத்தில் வளருமா? பகுதிவாரியாகப் பிரித்தால்தான் குழாய் எங்கே போட வேண்டும் என்று தெரியும்.